அகராதியில் தேட வேண்டியது தெரிந்த சொற்களைத்தான்

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ கவிதைக்குக் கிடைக்கும் அருஞ்சொற்பொருள் பட்டியல்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. நெபென்தி, சர்சீஸ், குவாஃப், எய்டன், செராஃபிம், பாலஸ், ப்ளூட்டோனியன். இந்த ஏழெட்டுச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துவிட்டால் கவிதை கைக்கு வந்துவிடும் என்று நம்பித்தான் மாணவர்கள் படிக்கிறார்கள். படித்து முடித்த பிறகும் ஏதோ ஒன்று பிடிபடாமலே இருக்கிறது. பட்டியலில் உள்ள பொருள்கள் சரியானவைதான். ஆனால் அதில் இருக்க வேண்டிய பாதிச் சொற்கள் அதில் இல்லவே இல்லை. தெரியாத சொல் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். கண் அங்கே தடுக்கி நிற்கும், கை அகராதியை எடுக்கும். தினமும் புழங்குகிற சொல் அப்படித் தடுக்காது. இன்றைய பொருளைக் கொடுத்து நம்மை அனுப்பிவிடும், நாமும் அடுத்த அடிக்குப் போய்விடுவோம். இந்தக் கவிதையில் வாசகரை வழிதவறச் செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கவிதை அச்சானது 1845 ஜனவரி 29 அன்று, நியூயார்க்கின் ‘ஈவினிங் மிரர்’ பத்திரிகையில். 18 பத்திகள், பத்திக்கு 6 அடி, மொத்தம் 108 அடி. இறந்த காதலியை நினைத்துத் தூங்காமல் இருக்கும் ஒருவனின் அறைக்குள் நள்ளிரவில் ரேவன் என்ற கரும்பறவை நுழைகிறது; பெயரைக் கேட்டாலும் வேறு எதைக் கேட்டாலும் ‘நெவர்மோர்’, அதாவது இனி ஒருபோதும் இல்லை, என்ற ஒரே சொல்லைச் சொல்கிறது. இந்த ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அகராதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கும் அகராதி இன்றைய பொருளை முதலில் போடும், பழைய பொருளைக் கடைசியில் தள்ளும், சில நேரம் விட்டேவிடும். இந்தக் கவிதைக்குப் பக்கத்தில் திறந்து வைக்க வேண்டியது நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அமெரிக்க அகராதி. போவின் காலத்தது, அவர் நாட்டினது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அதில் நிறைவு கிடைக்காதபோது ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய வரலாற்று அகராதிக்குப் போகலாம்.

படிக்கும் முறை சிக்கலானதல்ல. முதல் முறை அகராதியைத் தொடாமல், வாய்விட்டு, 108 அடியையும் படித்துவிட வேண்டும். இது எட்டுச் சீர் ஓட்டம், அழுத்தம் ஒவ்வொரு சீரின் முதல் அசையில் விழும். வாய்விட்டுப் படித்தால்தான் எந்தச் சொல் ஓசைக்காக வந்து அமர்ந்திருக்கிறது என்று தெரியும். இரண்டாம் முறை பென்சிலோடு. தெரியாத சொல்லுக்கு வட்டம். தெரிந்த சொல், ஆனால் அந்த இடத்தில் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்றால் அடிக்கோடு. கோணலை எப்படி உணர்வது? அந்தச் சொல்லின் இன்றைய பொருளைத் தமிழில் அந்த வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்தால் போதும். வினை அதை ஏற்காது, அல்லது படம் பொருந்தாது. மூன்றாம் முறை அகராதி. முதலில் அடிக்கோட்டுச் சொற்கள், பிறகு வட்டச் சொற்கள். ஓரத்தில் பொருளை எழுதும்போது, எந்தப் பக்கத்துச் சொல்லை வைத்து அந்தப் பொருளை முடிவு செய்தோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். பக்கத்துச் சொல்லின் சாட்சி இல்லாத பொருளுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போகலாம்.

தெரிந்த முகங்கள்

7ஆம் பத்தியில் அவன் சன்னல் கதவைத் தள்ளித் திறக்கிறான். பல ‘ஃபிளர்ட்’களோடும் சிறகடிப்போடும் பறவை உள்ளே வருகிறது. இன்று அந்தச் சொல் காதல் சீண்டலுக்கு மட்டும்தான் புழங்குகிறது. அந்தப் பொருளோடு படித்தால் அடி கேலிக்கூத்தாகிவிடும். 1828 அகராதி சொல்வது திடீர் உதறல், வெடுக்கென்ற அசைவு. பக்கத்தில் நிற்கும் சிறகடிப்பு அதற்குச் சாட்சி. ஈரத்தையோ காற்றையோ உதறிக்கொண்டு உள்ளே நுழையும் ஒரு பெரிய பறவை கண்முன் வந்துவிடுகிறது.

3ஆம் பத்தியின் திரைச்சீலை சலசலப்பு அவனை ‘த்ரில்’ செய்கிறது, ‘ஃபேன்டாஸ்டிக்’ அச்சங்களால் நிரப்புகிறது. நம் ஊர்ப் பேச்சில் இரண்டுமே பாராட்டுச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் த்ரில் என்றால் துளைத்தல்; மூக்குத் துளையைக் குறிக்கும் நாஸ்ட்ரில் என்ற சொல்லின் பின்பாதியும் இதே வேர்தான். கூர்மையான ஏதோ ஒன்று உடம்புக்குள் ஊடுருவிப் போகும் சிலிர்ப்பு அது. ஃபேன்டாஸ்டிக் என்றால் மனக்கற்பனை பிறப்பித்த, உண்மையில் இல்லாத என்று பொருள். ஆக அவனே ஒப்புக்கொள்கிறான்: இந்த அச்சங்களை என் மனம்தான் செய்கிறது என்று. கவிதை முழுவதும் பறவை ஏதாவது செய்கிறதா, அல்லது எல்லாவற்றையும் இவனே செய்துகொள்கிறானா என்ற கேள்விக்கு மூன்றாம் பத்தியிலேயே ஒரு சொல் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. ‘அருமையான பயங்கள்’ என்று படித்துப் போனவருக்கு அது கேட்டிருக்காது.

‘ஃபௌல்’ என்றதும் கோழி நினைவுக்கு வரும். பழைய வழக்கில் எல்லாப் பறவைக்கும் அது பொது. ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில வேதாகமத்தில் ஆகாயத்துப் பறவைகளுக்கெல்லாம் அந்தச் சொல்தான். முதல் பத்தியின் ‘க்யூரியஸ்’ இன்னும் ஆழமானது. அவன் நள்ளிரவில் புரட்டிக்கொண்டிருப்பவை மறந்துபோன கல்வியின் விநோதமான, க்யூரியஸான நூல்கள். ஆர்வமூட்டும் நூல்கள் என்று எழுதிவிட்டுப் போகலாம், பிழையும் இல்லை. ஆனால் அதே ஆங்கில வேதாகமத்தில் அப்போஸ்தலர் 19:19ஐத் திறந்து பாருங்கள். எபேசுவில் சிலர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். அவர்கள் செய்த வித்தைக்கு அங்கே வரும் அடைமொழி க்யூரியஸ். தமிழ் வேதாகமம் அதை மாயவித்தை என்றே சொல்லிவிடுகிறது. போவின் காலத்து வாசகர்களுக்கு அந்த வசனம் பழக்கமானது. இறந்த பெண்ணை நினைத்துத் தூங்காமல் அவன் எந்த மாதிரிப் புத்தகங்களைப் படிக்கிறான் என்ற சந்தேகத்தை அந்த ஒரு சொல் கிளப்பிவிடுகிறது. உறுதியாக மந்திர நூல்தான் என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருக்கட்டும், ஓரத்தில் கேள்விக்குறியோடு.

8ஆம் பத்தியில் ‘கிரேவன்’ வருகிறது, கோழை என்று எழுதிவிடுகிறோம். ஆனால் பக்கத்தில் இருக்கும் ‘கிரெஸ்ட்’டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய இங்கிலாந்தில் வழக்கைச் சண்டையால் தீர்க்கும் முறை இருந்தது. தோற்றவன் வாயால் சொல்லிச் சரணடைய வேண்டிய சொல் கிரேவன். தோற்று அடங்கிய சண்டைச் சேவலுக்கும் அதே பெயர். கிரெஸ்ட் என்றால் பறவையின் கொண்டை, வீரனின் தலைக்கவச முகடும் அதுவே. கொண்டை மழிக்கப்பட்டிருந்தாலும் நீ தோற்றவன் இல்லை என்று அவன் பறவையைப் பார்த்துச் சொல்வதில் சேவற்கட்டும் போர்க்களமும் ஒன்றாக இருக்கின்றன. இந்த இடத்தில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான், அந்தச் சிரிப்பின் சுவையே இதில்தான்.

பெயர்களும் மருந்துகளும்

வட்டம் போட்ட சொற்களில் பெரும்பாலானவற்றை விரைவாக முடித்துவிடலாம். ப்ளூட்டோனியன் என்பது கிரகத்தைப் பற்றியது அல்ல. அது கண்டுபிடிக்கப்பட்டதே 1930இல். பாதாள உலகின் தலைவன் ப்ளூட்டோவின் கரை, அதாவது இறந்தவர் கடக்கும் ஆற்றின் கரை. நம் வைதரணியை நினைத்துக்கொண்டால் உணர்வு சரியாக இருக்கும். பாலஸ் என்பது அறிவுத் தெய்வமான அதீனா; பறவை வந்து அமர்வது அவள் சிலை மேல்தான். படிப்பாளியின் அறைக்குப் பொருத்தம் என்பதற்காகவும் சொல்லின் ஓசைக்காகவும் அந்தச் சிலையைத் தேர்ந்தேன் என்று போவே 1846இல் எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். எய்டன் என்பது ஏதேன். அரபு ஒலிப்பை ஒட்டிய அந்த வடிவம் அந்த இடத்துக்கு வந்ததில் எதுகைக்கும் பங்கு உண்டு. சுமை ஏறிய என்று பொருள்படும் ‘லேடன்’, கன்னி என்று பொருள்படும் ‘மெய்டன்’ இரண்டோடும் அது ஒலிக்க வேண்டும்.

நெபென்தியை இணையத்தில் தேடினால் பூச்சி தின்னும் குடுவைச் செடியின் படம் முதலில் வரும். அந்தச் செடியின் தாவரவியல் பெயர் நெபென்திஸ். மேகாலயத்தில் அதன் இந்திய இனம் ஒன்று வளர்கிறது. கவிதைக்குத் தேவை ஹோமரின் ஒடிசி நான்காம் காண்டம். ஹெலன் மதுவில் கலக்கும் எகிப்திய மருந்து அது; குடித்தவருக்குப் பெற்றவர் இறந்தாலும் அன்று கண்ணீர் வராது. சொல்லின் பொருளே துயரின்மை. அதை ‘குவாஃப்’ என்கிறான், மடக்மடக்கென்று குடிக்கச் சொல்கிறான். சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் மருந்துக்கு அந்த வினை வராது. எவ்வளவு மறக்க வேண்டியிருக்கிறது என்பது வினையில் இருக்கிறது.

வேதாகமப் பெயர்களுக்குத் தமிழ் வேதாகமத்தை விட நல்ல துணை கிடையாது. கீலேயாத்தின் தைலம் எரேமியா 8:22இல் இருக்கிறது: “கீலேயாத்திலே பிசின் தைலம் இல்லையோ?” அந்த வசனத்தையும் கவிதையின் 15ஆம் பத்தியையும் அருகருகே வைத்தால் ஒரு மாற்றம் தெரியும். தீர்க்கதரிசி ‘இல்லையோ’ என்று கேட்கிறார். இருக்கத்தானே செய்கிறது என்ற ஆதங்கம் அதில் உண்டு. போவின் ஆள் ‘இருக்கிறதா, இருக்கிறதா’ என்று இரண்டு முறை கேட்கிறான். அந்த உறுதி அவனிடம் இல்லை.

சர்சீஸ், ரெஸ்பிட் இரண்டையும் ‘ஓய்வு’, ‘நிறுத்தம்’ என்று எழுதிவிட்டு நகர்வதுதான் வழக்கம். இந்த இரண்டிலும் நான் எப்போதும் நிற்பேன். இரண்டாம் பத்தியில் துயரத்திலிருந்து சர்சீஸைப் புத்தகங்களிடம் ‘கடன் வாங்க’ முயன்றேன் என்கிறான். 14ஆம் பத்தியில் கடவுள் உனக்கு ரெஸ்பிட்டைக் ‘கடன் கொடுத்தார்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறான். வெப்ஸ்டரைத் திறந்தால் ரெஸ்பிட்டுக்கு மரண தண்டனையைத் தள்ளிப்போடுவது என்றும், கடனைக் கட்ட உரிய நாளுக்கு மேல் கொடுக்கும் கெடு என்றும் பொருள் இருக்கிறது. சர்சீஸும் வழக்கு நடவடிக்கையை நிறுத்திவைப்பதற்குச் சட்ட வழக்கில் புழங்கிய சொல். ஆக அவன் கேட்பது விடுதலை அல்ல, தவணை. கடனாக வந்த நிம்மதியைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பது வினையிலேயே இருக்கிறது. பன்னிரண்டு பத்தி இடைவெளியில் இரண்டு முறையும் கடன் வினை வருவது தற்செயலாக இருக்க முடியாது. தனித்தனியாக அகராதி பார்த்தவருக்கு இந்த முடிச்சு கிடைக்காது. ஓரத்தில் பக்கத்துச் சொல்லை எழுதி வைத்தவருக்குக் கிடைக்கும்.

பறவையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டுக் கூரைக் காக்கையை நினைத்தால் அளவு தவறிவிடும். அது 40 செ.மீ. நீளம், 300 கிராம் அளவில் இருக்கும். ரேவன் 60 செ.மீ.க்கு மேல், எடை ஒரு கிலோவைத் தாண்டும். இந்தியாவில் இமயத்திலும் வடமேற்கின் வறண்ட நிலத்திலும்தான் உண்டு. வளர்த்தால் மனிதப் பேச்சைத் திருப்பிச் சொல்லும். தமிழில் அண்டங்காக்கை என்று சொல்லி ஒப்பேற்றுகிறோம், வேறு வழியில்லை. அதை ‘ஆமினஸ்’ என்று கவிதை இரண்டு அடிகளில் திரும்பச் சொல்கிறது. அச்சுறுத்தும் என்று மட்டும் எழுதக் கூடாது. சகுனம் தாங்கிய என்பதே சொல்லின் உள்ளடக்கம். அடுத்த பத்தியில் வரும் ‘டிவைனிங்’ என்ற வினைக்கும் குறி பார்த்தல் என்று பொருள் உண்டு. குறுந்தொகை 210இல் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் காக்கை ‘விருந்து வரக் கரைந்த காக்கை’. கரைந்தால் ஆள் வருவார். இங்கே ஆள் வந்திருப்பதாக நினைத்துக் கதவைத் திறந்தவனிடம் வந்து சேர்வது காக்கை. தமிழ் வாசகருக்கு இந்தத் தலைகீழ் கூடுதலாக உறைக்கும்.

அகராதி உதவாத இடமும் உண்டு. 14ஆம் பத்தியில் தேவதூதர்களின் காலடி கம்பளம் விரித்த தரையில் ‘டிங்கிள்’ என ஒலிக்கிறது. கம்பளத்தில் எப்படிக் கிண்கிணி ஒலி வரும்? டிங்கிளுக்கு வேறு பழைய பொருள் இருக்குமோ என்று தேடுவது வீண் வேலை. 1846இல் ஒரு வாசகர் இதையே கேட்டபோது போ பதில் எழுதினார்: எழுதும்போதே அந்த முரண் தனக்கும் உறைத்தது, மனிதக் கால் கம்பளத்தில் ஒலிக்காது, அதனால்தான் அது இயற்கைக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றும் என்று அப்படியே வைத்தேன் என்கிறார். படம் பொருந்தாத இடத்தில் சொல்லுக்குப் பழைய பொருள் இருக்கலாம், அல்லது பொருந்தாமை வேண்டுமென்றே வைத்ததாக இருக்கலாம். அகராதி கைவிரித்த பிறகுதான் இரண்டாவதற்குப் போக வேண்டும்.

பர்டன்

இந்தக் கவிதையில் ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அடிக்கோடு போடலாம் என்றால் நான் 11ஆம் பத்தியின் ‘பர்டன்’னுக்குப் போடுவேன். எந்தப் பட்டியலிலும் அது பெரும்பாலும் இருப்பதில்லை. பர்டன் என்றால் சுமை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பறவை ‘நெவர்மோர்’ என்று சொன்னதும் அவன் ஒரு விளக்கம் கண்டுபிடிக்கிறான். இதற்குத் தெரிந்தது இந்த ஒரு சொல்தான். யாரோ ஒரு துர்ப்பாக்கியசாலி எஜமானிடம் கற்றிருக்கிறது. அவனைத் துன்பம் விடாமல் துரத்தி, அவன் பாட்டுகள் ஒரே பர்டனைத் தாங்கும்படி ஆகிவிட்டன. நம்பிக்கைக்குப் பாடிய இரங்கற்பாக்களும் அந்தத் துயரமான பர்டனையே தாங்கின. சுமை என்று வைத்தால் வாக்கியம் நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. தாங்குவது என்ற வினை சுமையோடு பொருந்துகிறது. அதனால்தான் யாரும் இங்கே தடுக்கி விழுவதில்லை.

ஆனால் சாட்சிகளைக் கேட்டுப் பாருங்கள். தாங்குவது மனிதன் அல்ல, பாட்டு. அடுத்த அடியில் இரங்கற்பா. பர்டனைத் தொடர்ந்து அதன் வாசகமே மேற்கோளாக வருகிறது: ‘நெவர், நெவர்மோர்.’ சுமைக்கு வாசகம் கிடையாது. வெப்ஸ்டரில் அந்தச் சொல்லின் கீழே இன்னொரு பொருள் இருக்கிறது: பாட்டில் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் திரும்ப வரும் அடி. குழலின் கீழ்ச்சுருதி ஒலியைக் குறித்த ‘பூர்டன்’ என்ற பிரெஞ்சுச் சொல் பாரம் என்ற ஆங்கிலச் சொல்லோடு கலந்ததால் வந்த பொருள் அது. தமிழில் பல்லவி என்றால் கொஞ்சம் கிட்டே வரும். இன்னும் கிட்டே வருவது தேவாரப் பதிகத்தின் ஈற்றடி. சுந்தரரின் ‘பித்தா பிறைசூடி’ப் பதிகத்தில் ‘உனக்காளாய் இனி அல்லேன் எனலாமே’ என்பது ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் கடைசியில் வந்து நிற்கிறதே, அந்த வேலைதான்.

இது தெரிந்ததும் 11ஆம் பத்தி வேறாகிவிடுகிறது. கவிதைக்குள் இருக்கும் பாத்திரம், தான் இருக்கும் கவிதையின் கட்டுமானத்தையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அது தன்னைப் பற்றியது என்று அதற்குத் தெரியவில்லை. போவின் 1846 கட்டுரை இந்த இடத்துக்கு நேரடியாக உதவுகிறது. ஈற்றடி வேண்டும் என்று முடிவு செய்தாராம், அது ஒரே சொல்லாக இருக்க வேண்டும், நீண்ட ஓகார ஒலியும் ரகரமும் இருக்க வேண்டும். சொல் மாறாமல் அதன் பயன் மட்டும் பத்திக்குப் பத்தி மாற வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல அறிவில்லாத ஒரு உயிர் தேவை. முதலில் கிளியைத்தான் நினைத்தார், பிறகு ரேவனுக்கு மாறினார். அந்தக் கட்டுரையின் கணக்கு எல்லாம் உண்மையாகவே எழுதும்போது நடந்ததா என்பதை நான் முழுதாக நம்பவில்லை. ஈற்றடியை அவர் எவ்வளவு முக்கியமாக நினைத்தார் என்பதை நம்புகிறேன்.

இப்போது பென்சிலை எடுத்து ஈற்றடிகளைப் பாருங்கள். முதல் ஏழு பத்திகளில் ஆறு ‘நத்திங் மோர்’, ஒன்று ‘எவர்மோர்’. 8 முதல் 18 வரை பதினொன்றிலும் ‘நெவர்மோர்’. ஒவ்வொன்றின் பக்கத்திலும் யார் சொல்கிறார் என்று எழுதுங்கள். பறவை சொல்வது 8, 10, 14, 15, 16, 17 ஆகிய ஆறில். மற்ற ஐந்தும் அவன் வாயில் வருபவை. 9இலும் 12இலும் பறவை சொன்னதை எடுத்துச் சொல்கிறான். 11இல் யாரோ ஒரு எஜமானின் பாட்டு என்கிறான். 13இல் பறவை வாயைத் திறக்கவே இல்லை. அந்த ஊதா நிற வெல்வெட் இருக்கையில் அவள் இனிச் சாய மாட்டாள் என்று நினைத்து அவனே அந்தச் சொல்லில் போய் முடிகிறான். 18இலும் அவனேதான்.

துன்பம் துரத்தி, பாட்டெல்லாம் ஒரே ஈற்றடியில் போய் முடியும் துர்ப்பாக்கியசாலி என்று அவன் கற்பனை செய்தது யாரையோ. இரண்டு பத்தி கழிவதற்குள் அந்த வர்ணனை அப்படியே அவனுக்குப் பொருந்துகிறது. இது தெரிந்த பிறகு 14 முதல் 17 வரை அவன் கேட்கும் கேள்விகளின் வரிசையும் விளங்கும். ஒரே பதில்தான் வரும் என்று 11இலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே, அந்தப் பதில் எங்கே அதிகம் வலிக்குமோ அப்படிப்பட்ட கேள்வியைத் தேடித் தேடிக் கேட்கிறான்: மறப்பேனா, மருந்து உண்டா, அவளை மறுபடி தழுவுவேனா. துயரத்திலேயே ஓர் இன்பம் காணும் மனநிலை இது என்று போவும் சொல்கிறார்.

தமிழாக்கம் செய்ய நினைப்பவருக்கு இதில் ஒரு கடினமான நிபந்தனை இருக்கிறது. ‘நெவர்மோர்’க்கு எடுக்கும் சொல் பறவையின் பெயராகவும் நிற்க வேண்டும், மூன்று வகைக் கேள்விக்கும் பதிலாக வேண்டும், ‘வெளியே போ’ என்ற ஆணைக்கு மறுப்பாக வேண்டும், கடைசியில் அவன் ஆன்மா எழுவதைப் பற்றிய அவன் வாக்கியத்தின் பயனிலையாகவும் ஆக வேண்டும். ‘ஒருபோதும் இல்லை’ நீளம், காக்கை வாயில் நிற்காது. ‘வராது’, ‘முடியாது’ போன்றவை ஒரு கேள்விக்குப் பொருந்தி மறு கேள்வியில் தவறும். ‘இனியில்லை’ ஏறக்குறைய எல்லா இடத்திலும் தாங்கும். இடறுவது தைலம் இருக்கிறதா என்ற 15ஆம் பத்தியில்தான். அங்கே ஆங்கிலத்திலும் அந்தப் பதில் இடறவே செய்கிறது: இருக்கிறதா என்ற நிகழ்காலக் கேள்விக்கு இனி ஒருநாளும் என்ற எதிர்காலப் பதில் இலக்கணப்படி ஒட்டாது, கேட்டவன்தான் ஒட்டவைத்துக்கொள்கிறான். எனவே மொழிபெயர்ப்பில் அந்த இடறலைச் சரிசெய்யாமல் விடுவதே முறை.